அக்ரிமென்ட் முடிஞ்சா பெட்டியைக் கட்டணுமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க ஹவுஸ் ஓனர்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "தம்பி, மே 31-ஓட உங்க அக்ரிமென்ட் முடியுது. தொடர்றதா இருந்தா ரெண்டாயிரம் சேத்து புதுசா பதினோரு மாசத்துக்குப் போட்டுக்கலாம். இல்லாட்டி ஜூன் ஒண்ணாம் தேதி காலையில சாவி வேணும். பேசிட்டுச் சொல்லுங்க." அவ்வளவுதான். மரியாதையான குரல், கோபம் எதுவும் இல்லை. அதனாலேயே கொஞ்சம் பயமா இருந்தது.

மதுரையில ஒரு வீட்டு மாடியில நாங்க நாலு பேர் இருக்கோம். வாடகை 9,000. அட்வான்ஸ் 50,000. ஃபைனல் இயர் வைவா மே கடைசியில. ரெண்டு பேருக்கு ஜூலையில சென்னையில ஜாயினிங். ஒருத்தன் அரியர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கணும். எனக்கு இன்னும் ஆஃபர் வரலை. ஆக எங்களுக்குத் தேவை ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு மாசம். இன்னொரு பதினோரு மாசம் யாருக்கும் வேண்டாம். அதுக்காக ஜூன் ஒண்ணாம் தேதி காலையில கட்டிலோட தெருவில நிக்கவும் முடியாது.

வாய்ஸ் நோட்டை நாலு பேரும் மாத்தி மாத்திக் கேட்டோம். "அக்ரிமென்ட் முடிஞ்சா முடிஞ்சதுதான்டா, நாம என்ன பண்ண முடியும்" என்றான் ஒருத்தன். நானும் அப்படித்தான் நினைச்சேன். இதைப் படிக்கிற ஜூனியர்ஸ்ல பாதிப் பேரும் அப்படித்தான் நினைப்பீங்க. அது தப்பு. சட்டம் அப்படிச் சொல்லலை, ஊர் நடைமுறையும் அப்படி இல்லை. ஆனா "சட்டம் நம்ம பக்கம்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கிறதும் தப்பு. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு இந்த ஒரு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

முதல்ல எங்க அக்ரிமென்டை எடுத்துப் படிச்சேன். கையெழுத்துப் போட்ட நாள்ல படிக்கலை. மூணு பக்கம். ஜெராக்ஸ் கடை டெம்ப்ளேட். ரெண்டாம் பக்கத்துல ஒரு இடத்துல எங்களுக்கு முன்னாடி இருந்த ஆளோட பேரு அப்படியே இருந்தது, மாத்த மறந்துட்டாங்க. பதினோரு மாசம் முடிஞ்ச பிறகு என்ன என்பதைப் பத்தி ஒரு வரி இல்லை. அட்வான்ஸ் எப்போ திரும்ப வரும்னு ஒரு வரி இல்லை. "வாடகைதாரர் கட்டுப்பட்டவர் ஆவார்" மட்டும் ஏழு இடத்துல இருந்தது. அதுல கையெழுத்துப் போட்டவன் எங்கள்ல ஒருத்தன்தான். மீதி மூணு பேரும் பேப்பர்படி அந்த வீட்டுல இல்லவே இல்லை. நாளைக்குப் பிரச்சினைன்னா பேசுற உரிமை அவனுக்கு மட்டும்தான், 50,000 பொறுப்பும் அவன் தலையில.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல ஒரு புதுச் சட்டம் போட்டாங்க. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துற சட்டம். முழுப் பேரை எழுதினா இந்தப் பாரா முடிஞ்சிடும். 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்தது. அதுல 5-ஆவது பிரிவு நம்ம விஷயம். காலக்கெடு முடியறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு கேட்டு ஓனரை அணுகலாம், அவர் சம்மதிச்சா புது ஒப்பந்தம் போடலாம். இது யாருக்கும் தெரிஞ்சதுதான். அடுத்த உட்பிரிவுதான் யாருக்கும் தெரியாதது: காலம் முடிஞ்சும் புதுப்பிக்காம, காலியும் பண்ணாம இருந்தா, பழைய நிபந்தனைகளின்படியே மாதத்துக்கு மாதம் நீடிக்கிற வாடகையா அது கருதப்படும், அதிகபட்சம் ஆறு மாசம் வரைக்கும்.

பழைய நிபந்தனைகள்னா பழைய வாடகையும்தான். அதாவது ஜூன் ஒண்ணாம் தேதி காலையில நாங்க திருடனா ஆயிட மாட்டோம். 9,000 கொடுத்துட்டு இருக்கிற வரைக்கும் வாடகைதாரர்தான். கரண்ட்டைப் பிடுங்குறது, மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணித் தண்ணியை நிறுத்துறது இதெல்லாம் அதே சட்டத்துல தடை. 20-ஆவது பிரிவு. புகார் பண்ண வாடகை அதிகாரின்னு ஒருத்தர் இருக்கார், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். காலி பண்ண வைக்கணும்னா ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும். இந்தச் சட்டத்தை விட்டாலும், 1963-ல வந்த குறித்தவகைத் தீர்வுச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு: சட்டப்படி இல்லாம ஒருத்தரை வெளியே தள்ளினா, அவர் ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டு உள்ளே வரலாம். வீடு யாருக்குச் சொந்தம்கிற கேள்வியே அந்த வழக்குல கிடையாது.

இதைப் படிச்சதும் எங்க ரூம்ல ஒரு குட்டிக் கொண்டாட்டம். நவம்பர் வரைக்கும் இருக்கலாம் மச்சி!

கொண்டாட்டம் ஒரு நாள்தான் தாங்குச்சு. காரணம் ஒண்ணு: அதே சட்டம் எல்லா வாடகையும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்னு சொல்லுது. எங்களோடது பதிவு பண்ணாதது. எழுத்து ஒப்பந்தமே போடலைன்னா, அதையே காரணமாக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் அந்தச் சட்டம் ஓனருக்கு வழி விடுது. காரணம் ரெண்டு: காலம் முடிஞ்சு, ஒப்பந்தப்படியோ நோட்டீஸ் மூலமாவோ வாடகை முறிஞ்ச பிறகும் போகாம இருந்தா இழப்பீடு கொடுக்கணும். அது இரட்டிப்பு வாடகையில இருந்துதான் ஆரம்பிக்குது. மத்திய அரசு 2021-ல மாநிலங்களுக்கு அனுப்பின மாதிரிச் சட்டத்துல முதல் ரெண்டு மாசம் இரட்டிப்பு, அதுக்கு மேல நாலு மடங்கு. காரணம் மூணு, இதுதான் பெருசு: எங்க அப்பா.

பரளச்சிக்குப் போன் போட்டு எல்லாத்தையும் விளக்கினேன். பிரிவு எண்ணோட. அப்பா பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிப்பா. அம்பதாயிரம் யாரு கையில இருக்கு?"

அப்பா சட்டம் படிச்சவர் இல்லை. ஆனா காலக்கெடு முடிஞ்ச வீட்டைப் பத்தி அவருக்கு எங்க நாலு பேரையும் விட நல்லாத் தெரியும். ஏன்னு சொல்றேன்.

பரளச்சி திருச்சுழி தாலுகா. வானம் பார்த்த கரிசக்காடு. மிளகாய், பருத்தி, மழை இல்லாத வருஷம் சீமைக்கருவேலம். இங்கிலீஷ் மீடியம் வேணும்னா அருப்புக்கோட்டைக்குத்தான் போகணும். 2016-ல நான் ஏழாம் வகுப்பு சேர்றப்ப, தினம் பஸ்ல போய்ட்டு வர முடியாதுன்னு அருப்புக்கோட்டையில ஒத்திக்கு ஒரு வீடு பிடிச்சார். சென்னைப் பசங்களுக்கு: ஒத்தின்னா நீங்க லீஸ்னு சொல்றது. ஒரு பெரிய தொகையை மொத்தமாக் கொடுக்கணும். மாச வாடகை கிடையாது. காலம் முடிஞ்சதும் அதே தொகை வட்டியில்லாமத் திரும்ப வரும். மூணு லட்சம், மூணு வருஷம். ஆடு வித்தது, சீட்டு எடுத்தது, அம்மாவோட நகை, எல்லாம் சேர்ந்து மூணு லட்சம். இருபது ரூபாய் முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து. அம்மாவும் நானும் தங்கச்சியும் அங்கே. அப்பா காட்டோட ஊர்லயே. ஞாயிறு ஞாயிறு ஒரு பை நிறைய கத்தரிக்காயோட வருவார்.

2019-ல மூணு வருஷம் முடிஞ்சது. யாரும் கவனிக்கக்கூட இல்லை. நாங்க பேசாம இருந்தோம், வீட்டுக்காரரும் பேசாம இருந்தார். 2022-ல நான் பிளஸ் டூ முடிக்கிற சமயம். காலேஜ் ஃபீஸ் கட்டணும். அப்பா போய் ஒத்திப் பணத்தைக் கேட்டார். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். "அந்தப் பணத்தை மக கல்யாணத்துல போட்டுட்டேன்யா. இருந்துக்கங்க. உங்களை யாரு போகச் சொன்னா?"

வாடகையில காலம் முடிஞ்சா ஓனர் "போ"ங்கறார், நாம "இருக்கோம்"கிறோம். ஒத்தியில காலம் முடிஞ்சா நாம "போறோம்"கிறோம், ஓனர் "இரு"ங்கறார். ரெண்டுலயும் மாட்டிக்கிறது பணம் வெளியில இருக்கிற ஆளுதான்.

அப்பா சண்டை போடலை. எங்களை ஊருக்கே கூட்டிட்டு வந்துட்டார். ஆனா வீட்டை விடலை. ஒரு கட்டில், ரெண்டு சட்டி, ஒரு சாமி படத்தை உள்ளே வச்சுப் பூட்டி சாவியைத் தன் இடுப்புலயே வச்சுக்கிட்டார். வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போவார். கதவைத் திறப்பார், கூட்டுவார், விளக்குப் போடுவார், திரும்ப வருவார். பதினாலு மாசம். எனக்கு அப்ப ரொம்ப அவமானமா இருந்தது. யாரும் இல்லாத வீட்டுக்குப் போய் விளக்குப் போட்டுட்டு வர்ற ஆளை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எப்படிச் சொல்றது? முதல் வருஷ ஃபீஸ் நகைக்கடன்ல கட்டினோம். எங்க மூணு லட்சம் அவர்கிட்ட வட்டியில்லாமத் தூங்குச்சு, எங்க நகை பேங்க்ல வட்டியோட தூங்குச்சு. கடைசியில அதே வீட்டுக்கு மூணரை லட்சத்துக்குப் புது ஒத்திக்காரர் ஒருத்தர் வந்தார். அவர் கொடுத்த பணத்துல மூணு லட்சத்தை வாங்கிக்கிட்டு, அதே இடத்துல சாவியைக் கொடுத்தார் அப்பா. எங்க பக்கம் பெரும்பாலும் ஒத்தி இப்படித்தான் முடியும். அடுத்த ஆளு வரணும்.

இப்ப சட்டத்தைப் படிச்ச பிறகு தெரியுது, அந்தச் சாவி அவமானம் இல்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்துல சுவாதீன அடமானம்னு ஒண்ணு இருக்கு. பணம் திரும்ப வர்ற வரைக்கும் சொத்து கொடுத்தவன் கையில இருக்கும். ஒத்தியோட சாரம் அதுதான். அப்பா கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சார், சட்டம் தெரியாமலே. ஆனா அதே சட்டம் நூறு ரூபாய்க்கு மேல போற அந்த மாதிரி அடமானம் பதிவு செஞ்சாத்தான் செல்லும்னும் சொல்லுது. நம்ம ஊர் ஒத்தியெல்லாம் முத்திரைத்தாளோட சரி. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க ரெண்டு தரப்பும் சந்தோஷமாத் தலையாட்டிடுறோம். பதிவு பண்ணாத ஒத்தி வில்லங்கச் சான்றுல வராது. அந்த வீட்டு மேல பேங்க் கடன் இருந்து அது வாராக்கடனா ஆச்சுன்னா, பேங்க்காரர் வந்து நிக்கிறப்ப நம்ம இருபது ரூபாய்த் தாளை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஒத்தி கொடுக்கிறதுக்கு முன்னாடி பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் பார்க்கிறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். எங்க அப்பாவுக்கு அன்னைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஏழாம் வகுப்புப் படிச்ச எனக்கும் தெரியாது, ஆனா இன்னைக்கு உங்க வீட்டுல யாராவது ஒத்திக்குப் போனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. கடனைக் கேட்டு வழக்குப் போட காலவரம்பு பொதுவா மூணு வருஷம். ஒத்தி முடிஞ்சது 2019 ஜூன். அப்பா பணம் கேட்டது 2022 ஏப்ரல். அந்தத் தாள்ல இருந்த தேதியை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா ரெண்டே மாசம்தான் மிச்சம் இருந்திருக்கு. யாருக்கும் தெரியாது. "பணம் தரணும், இன்ன தேதிக்குள்ள தர்றேன்"னு அவர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கியிருந்தாலே அந்த மூணு வருஷம் புதுசா ஓட ஆரம்பிச்சிருக்கும். வக்கீலுக்குக் காசு இல்லைன்னு அப்பா சொன்னார். இலவச சட்ட உதவி இருக்கு, 15100-க்குப் போன் பண்ணினாப் போதும்னு இப்ப எனக்குத் தெரியும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே அந்த உதவி உண்டு. (எங்க மாவட்டத்துக்கு விருதுநகர்னு பேரு, மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பரளச்சியில இருந்து கேஸுக்குப் போறது ஒரு நாள் கூலி போற வேலை. சட்டம் படிக்கிறவங்க இதையும் கணக்குல சேர்த்துக்கணும்.)

சரி, எங்க மாடிக்கு வர்றேன். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்: அம்பதாயிரம் ஓனர் கையில. ஆறு மாசம் இருக்கிற உரிமையை நாங்க விறைப்பாப் பிடிச்சுத் தொங்கினா, போறப்ப அந்த அம்பதாயிரத்துல அவர் கை வைப்பார். சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, எங்க கணக்குக்கு 27,000. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது வேறன்னு அதே வரியில ஒரு வாசலும் இருக்கு. நாம எல்லாரும் அந்த வாசல் வழியாத்தான் அம்பதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கோம். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கியைக் கழிச்சுக்கிட்டுத் திருப்பித் தரணும்கிறதும் சட்டத்துல இருக்கு. நியாயமான பாக்கி எதுங்கறதுலதான் சண்டை. பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறது மதுரையில ஒரு சம்பிரதாயம் மாதிரியே ஆயிடுச்சு. சட்டத்தோட அட்டவணையைப் பார்த்தா, வேற மாதிரி ஒத்துக்கலைன்னா சுவருக்கு வெள்ளையடிக்கிறதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறதும் ஓனர் வேலை. குழாய் வாஷர், அடைச்ச சாக்கடை இதெல்லாம்தான் நம்ம வேலை.

"கடைசி ரெண்டு மாச வாடகையைக் கொடுக்காம அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லிடுவோம்டா"ன்னு சீனியர்ஸ் சொல்லிக் கொடுத்துட்டுப் போன தந்திரம் ஒண்ணு இருக்குல்ல? எனக்கு அது பிடிக்கலை. ரெண்டு மாச வாடகைப் பாக்கியே காலி பண்ணச் சொல்றதுக்குச் சட்டத்துல ஒரு காரணம். ஓனர் எழுத்துல சரின்னு சொன்னா செய்யலாம். சொல்லாம செஞ்சா, நியாயம் நம்ம கையில இருந்து அவர் கைக்குப் போயிடும்.

இதுல ஓனரை வில்லனாக்கி எழுதுறது சுலபம். எனக்கு முடியலை, ஏன்னா எங்க அப்பத்தாவும் ஒரு ஓனர். பரளச்சியில எங்க பழைய வீட்டோட முன்பக்கத்தை ஒரு டீச்சர் குடும்பத்துக்கு விட்டிருக்கு. மாசம் 1,500 ரூபாய். பேப்பர் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் தை மாசம் வந்தா அப்பத்தா ஒரு தடவை புலம்பும். "பன்னெண்டு வருசம் இருந்துட்டா வீடு அவுகளுக்காமே? கோர்ட்டுல அப்படித்தானாம்ல?" அந்த டீச்சர் குடும்பம் வந்து ஆறு வருஷம் ஆகுது. அப்பத்தா மனசுல ஒரு கவுன்ட்டவுன் ஓடிட்டே இருக்கு.

பன்னிரண்டு வருஷக் கதை ஊரெல்லாம் இருக்கு. அது எதிரிடை அனுபோகம்கிற வேற விஷயம். உரிமையாளரோட அனுமதி இல்லாம, அவருக்கு எதிரா, நான்தான் சொந்தக்காரன்னு வெளிப்படையா இருக்கிறவனுக்கு அது. வாடகை கொடுத்து இருக்கிறவர் அனுமதியோட இருக்கிறவர், முப்பது வருஷம் இருந்தாலும் அதால மட்டும் வீடு அவருக்கு ஆகாது. வாடகை வாங்கின ரசீது இருந்தா ஓனருக்குத்தான் பாதுகாப்பு. இதை அப்பத்தாவுக்கு மூணு தடவை விளக்கிட்டேன். "நீ இங்கிலீசு படிச்ச பய, உனக்கென்ன தெரியும்"னு முடிச்சுடுச்சு.

ஆனா அந்தப் பயம் ஒண்ணுமில்லாததுல இருந்து வரலை. 1960-ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 வரைக்கும் இருந்தது. அதுல ஒப்பந்தக் காலம் முடிஞ்சாலும் வாடகைதாரர் சட்டப் பாதுகாப்போட தொடரலாம். சட்டத்துல சொன்ன காரணம் ஏதாவது இருந்தாத்தான் காலி பண்ண வைக்க முடியும். வழக்கு ரெண்டு தலைமுறைக்கு ஓடின கதையெல்லாம் எல்லா ஊர்லயும் கேட்கலாம். அதைப் பார்த்துப் பயந்த ஓனர்களோட பிள்ளைகள்தான் இன்னைக்கு நமக்கு வாய்ஸ் நோட் அனுப்புறாங்க. பதினோரு மாசம்கிறது வேற ஒரு கதை. ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைச் சார்பதிவாளர்கிட்ட பதிவு பண்ணணும்னு 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதைத் தவிர்க்க ஒரு மாசத்தைக் குறைச்சுக்கிட்டோம். 2017 சட்டம் எத்தனை மாசமா இருந்தாலும் வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணச் சொல்லுது. ஆனாலும் ஜெராக்ஸ் கடை டெம்ப்ளேட்ல பதினொண்ணு அப்படியே நிக்குது. என் கருத்தைச் சொல்லட்டுமா? ஃபைனல் இயர் பசங்களுக்கு அந்தப் பதினொண்ணு மாதிரி பொருந்தாத நம்பர் வேற இல்லை. ஜூலையில சேர்ந்தா மே கடைசியில முடியும், சரியா வைவா, ரிசல்ட், ஜாயினிங் எல்லாம் குவிஞ்சு கிடக்கிற இடத்துல.

ஸ்காட்லாந்துல 2017 டிசம்பர் 1-க்கு அப்புறம் தொடங்குற சாதாரணத் தனியார் வீட்டு வாடகைகளுக்கு முடிவுத் தேதியே கிடையாது. நாம போகணும்னா நோட்டீஸ் கொடுத்துட்டுப் போகலாம், ஓனர் கேட்கணும்னா சட்டத்துல இருக்கிற காரணம் ஒண்ணைக் காட்டணும். அதை அப்படியே இங்கே கொண்டுவான்னு நான் கேட்கலை. அப்பத்தா அன்னைக்கே டீச்சரைக் காலி பண்ணச் சொல்லிடும். ஆனா முடிவுத் தேதிங்கறது இயற்கை விதி இல்லைன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. அது ஒருத்தர் எழுதினது. இன்னொருத்தர் மாத்தி எழுதலாம்.

உண்மையைச் சொன்னா, அந்த வாய்ஸ் நோட் எங்களைப் பயமுறுத்தினது சட்டத்தால இல்லை, அடுத்த வீட்டால. வீடு தேடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். "பேச்சிலரா?" முதல் கேள்வி. "நான்வெஜ் சமைப்பீங்களா?" ரெண்டாவது. மூணாவது கேள்வி நேரா வராது. "எந்த ஊரு தம்பி?" "பரளச்சி." "அங்கே எந்தத் தெரு?" தெரு பேரைக் கேட்டதும் முகத்துல ஒரு கணக்கு ஓடும். எங்க நாலு பேர்ல ஒருத்தன் அந்தக் கணக்குலயே மூணு வீட்டை இழந்தவன். இப்ப இருக்கிற வீடு நாலாவது. "வீடு ஏற்கெனவே பேசியாச்சு தம்பி"ன்னு சொன்ன போர்டு ரெண்டு வாரம் கழிச்சும் அதே கேட்ல தொங்கும். ஆறு மாச உரிமை, வாடகை அதிகாரி, நீதிமன்றம் எல்லாம் இருக்கிற வீட்டுக்குத்தான். இல்லாத வீட்டுக்கு எந்தப் பிரிவும் இல்லை. அவனுக்கு இந்த மாடியில ஒவ்வொரு மாசமும் எங்களை விட விலை ஜாஸ்தி. ஓனர் ரெண்டாயிரம் கேட்டப்ப "கொடுத்துடலாம்டா"ன்னு முதல்ல சொன்னது அவன்தான்.

நாங்க என்ன பண்ணினோம்னா, நாலு பேரும் உட்கார்ந்து ஒரு லெட்டர் எழுதினோம். பிரிவு எண் எதுவும் போடலை, அப்பா சொன்னபடி. ஜூலை 31-ல கண்டிப்பாக் காலி பண்றோம். அதுவரைக்கும் மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை. புது ஆளுக்கு வீடு காட்டணும்னா ஞாயிற்றுக்கிழமைகள்ல வரலாம். நாங்க வந்தப்ப எடுத்த போட்டோக்களை இணைச்சிருக்கோம், சுவத்துல இருக்கிற அந்த விரிசல் அப்பவே இருந்தது. அட்வான்ஸ்ல என்னென்ன பிடிப்பீங்கன்னு இப்பவே எழுதிக் கொடுத்தா நல்லது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம், இந்தத் தடவை நாலு பேரும். நேர்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு, போட்டோ எடுத்து வாட்ஸப்லயும் அனுப்பினோம். அவர் சொன்னாலும் சொல்லாட்டியும் தேதியோட ஒரு பதிவு இருக்கணும்ல.

ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் கீழே கூப்பிட்டு காபி கொடுத்தார். அவர் பயம் என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சது. ஜூன்லதான் புது பேட்ச் பசங்க வீடு தேடி வருவாங்க. ஆகஸ்ட்ல காலியானா ஒரு வருஷம் முழுக்க மாடி சும்மா கிடக்கும்னு நினைச்சிருக்கார். நியாயமான பயம். நம்ம ஜூனியர்ஸ்ல மூணு பேரை அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். ஆகஸ்ட் ஒண்ணுல இருந்து அவங்களுக்கு. யோசிச்சுப் பார்த்தா அப்பாவோட ஒத்தி முடிஞ்ச அதே முறைதான், அடுத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துறது. இப்ப ரெண்டாயிரம் ஆயிரமா இறங்கியிருக்கு. நாங்க ஐநூறுல நிக்கிறோம்.

காலேஜுக்கு ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு ரெண்டாம் வருஷமே வெளியே அனுப்புறீங்க. அனுப்புறப்ப கையில ஒரு நல்ல மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுத்து அனுப்புங்க. காலம் முடிஞ்சா என்ன, அட்வான்ஸ் எந்தத் தேதிக்குள்ள, பெயிண்ட் யாரு, தங்குற எல்லார் பேரும். ரெண்டு பக்கம் போதும். பதிவு பண்றதுக்கு ஒரு நாள் உதவி முகாம் வைங்க. டெக் ஃபெஸ்ட்டுக்கு மூணு நாள் கிளாஸ் கட் பண்ற நாமதானே.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப அப்பத்தா என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. "அந்த டீச்சருக்கு ஏதோ பேப்பர் எழுதணும்னியே, நீயே ஒண்ணு எழுதிக் குடு." லேப்டாப்பை எடுத்துட்டுத் திண்ணையில உட்கார்ந்தேன். டீச்சரும் வந்து உட்கார்ந்தாங்க. எல்லாம் எழுதிட்டு, எத்தனை மாசம்னு போடட்டும்னு கேட்டேன். பதினொண்ணுன்னு சொல்லப்போறாங்கன்னு நினைச்சேன். டீச்சர் கொஞ்சம் தயங்கி, "சின்னவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் இருந்தா நல்லது தம்பி"ன்னாங்க. சின்னவ இப்ப எட்டாவது.

அப்பத்தா விரலை மடக்கி எண்ணிச்சு. "ரெண்டு வருசம். போடு. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எம்புட்டு ஆகும்?"